16 டாலர் டிக்கெட்டும் மீன் தின்னும் பூனையும்: வாஷிங்டன் பெண் கலைஞர் மியூசியத்தின் சீசன் நிகழ்ச்சிகள்

வாஷிங்டனில் இரண்டு நாள் சுற்றியவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். மியூசியம் என்றால் பர்ஸை எடுக்க வேண்டாம். ஸ்மித்சோனியன் இலவசம், நேஷனல் கேலரி இலவசம். அதே நினைப்பில் நியூயார்க் அவென்யூ 1250ஆம் எண் கட்டடத்துக்குள் நுழைந்தால் கவுண்டரில் ஆளுக்கு 16 டாலர் கேட்பார்கள். பெயரில் 'நேஷனல்' இருப்பதால் இதையும் அரசாங்கத்துடையது என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நேஷனல் மியூசியம் ஆஃப் விமன் இன் தி ஆர்ட்ஸ் லாப நோக்கமில்லாத தனியார் அமைப்பு. நன்கொடை, உறுப்பினர் சந்தா, டிக்கெட் இவற்றை நம்பி ஓடுவது.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். 2023 அக்டோபரில் புதுப்பித்துத் திறந்தபோது வைத்த கட்டணம்: பெரியவர்களுக்கு 16 டாலர், வாஷிங்டன் நகரவாசிகளுக்கும் 70 வயதைத் தொட்டவர்களுக்கும் 13, 21 வயது வரைக்கும் இலவசம். வர்ஜீனியாவில் குடியிருக்கும் கணவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் எழுபது தாண்டிய அப்பா அம்மா என்று ஆறு பேர் போனால் 58 டாலர். நகரவாசிச் சலுகை வர்ஜீனியாக்காரர்களுக்கும் மேரிலாந்துக்காரர்களுக்கும் கிடையாது. காலேஜ் படிக்கும் பெண்ணுக்கு வயது 20 என்றால் அவளுக்கும் டிக்கெட் வேண்டாம். வயது தெரியும் அட்டை கையில் இருந்தால் போதும்.

இந்த 58 டாலர் தகுமா? சும்மா போய் மாடி மாடியாக ஏறி இறங்கி, மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் படத்துக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு வெளியே வருவதென்றால் தகாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பக்கத்திலேயே இலவசமாக இதைவிடப் பெரிய மியூசியங்கள் இருக்கின்றன. ஆனால் இங்கே நடக்கும் நிகழ்ச்சி ஒன்றைக் குறிவைத்து, அந்த நாளுக்குப் போனால் கொடுத்த காசு பிசகாமல் திரும்பி வரும். மற்ற இடங்களில் சுவர் நிறையப் படம் காட்டுவார்கள். ஒரே படத்தின் முன்னால் அரை மணி நேரம் நிற்க வைப்பதுதான் இங்கே நன்றாக நடக்கிறது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வழிகாட்டிகள் எல்லோரும் இதில்தான் தொடங்குவார்கள். வில்ஹெல்மினா ஹாலடே, வாலஸ் ஹாலடே தம்பதி 1960களில் ஐரோப்பா போனபோது வியன்னாவில் க்ளாரா பீட்டர்ஸ் என்ற ஓவியரின் படத்தைப் பார்த்து மயங்கினார்கள். மாட்ரிட்டிலும் அதே பெயர் கண்ணில் பட்டது. யார் இந்த அம்மாள் என்று, அமெரிக்கக் கல்லூரிகளில் அப்போது எல்லோரும் படித்த ஜான்சனின் கலை வரலாற்றுப் பாடநூலைப் புரட்டினால் பீட்டர்ஸ் இல்லை. அவர் மட்டுமா, ஒரு பெண்கூட இல்லை. அதன் பிறகு பெண்கள் வரைந்ததை மட்டும் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார்கள். 1981இல் அமைப்பு, 1987 ஏப்ரலில் திறப்பு விழா. கட்டடம் 1908இல் ஃப்ரீமேசன்களுக்காகக் கட்டியது, அதாவது பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத சங்கத்தின் மண்டபம். 1983இல் அதை விலைக்கு வாங்கிப் பெண்களின் ஓவியங்களை மாட்டியது நல்ல குறும்பு.

இப்போது நிகழ்ச்சிகளுக்கு வருவோம். இருப்பதிலேயே நம்பிப் போகக்கூடியது கேலரி டாக். புதன்கிழமை மதியம் 12 மணிக்குத் தொடங்கி அரை மணி நேரம். ஆபீஸ்காரர்களின் சாப்பாட்டு இடைவேளையை மனதில் வைத்துப் போட்ட நேரம் இது. மியூசியத்தில் வேலை செய்பவர் ஒருவர் ஒன்றிரண்டு படங்களின் முன்னால் கூட்டத்தை நிறுத்திப் பேசுவார். பேசுவார் என்பதைவிடக் கேட்பார் என்று சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், வேறென்ன தெரிகிறது என்ற மாதிரிக் கேள்விகள். நம் ஆட்கள் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயைத் திறக்காமல் நிற்பது வழக்கம். இங்கே மதிப்பெண் யாரும் போடப்போவதில்லை. "இடது பக்கம் இருட்டாக இருக்கிறது" என்று சொன்னால்கூட அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு நகரும்.

க்ளாரா பீட்டர்ஸின் மீனும் பூனையும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1620க்குப் பிறகு பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. சுமார் ஒன்றரை அடி அகலம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்பாக ஏதோ ஒரு சாப்பாட்டுப் படம், கடந்து போய்விடுவோம். கிட்டே போனால் பளபளக்கும் உலோக வடிதட்டில் மீன் குவிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பூனை, தான் எடுத்துக்கொண்ட மீன்மேல் பாதத்தை வைத்து அமுக்கி, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, யாரோ பிடுங்க வருவது போல முறைக்கிறது. அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து மீன் ஆயும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். அரை மணி நேரம் நின்றால்தான் அடுத்தது பிடிபடும்: உலோகத்தின் மினுமினுப்பு வேறு, ஈர மீனின் மினுமினுப்பு வேறு, ரோமத்துக்கு மினுமினுப்பே இல்லை. ஒரு சாண் இடத்துக்குள் இத்தனையும். உயிருள்ள உடம்பை நிற்க வைத்து வரையப் பழகும் வாய்ப்பு அந்தக் காலத்துப் பெண்களுக்கு அநேகமாக இல்லை. அதனால் மேசைமேல் இருப்பதை வரைவதில் இப்படியொரு தேர்ச்சி. இந்த விஷயத்தை விவரச் சீட்டில் படித்தால் தகவலாகப் போய்விடும். படத்தைப் பத்து நிமிஷம் வெறித்த பிறகு ஒருவர் சொல்லக் கேட்டால் உறைக்கும்.

கேலரி டாக்கில் கெட்டுப்போவது எங்கே என்றால், நிற்கும் இடத்தில். படம் சின்னது, கூட்டம் இருபது பேர். நேர் எதிரே இரண்டாவது வரிசையில் நின்றால் முதல் வரிசைக்காரரின் முதுகுதான் தெரியும். பக்கவாட்டில், சுவரை ஒட்டி நில்லுங்கள். 11:50க்கே போய் அந்தப் படத்தைத் தனியாகப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க முடியாத பெரியவர்களைக் கூட்டிப்போனால் மடக்கு ஸ்டூல் கிடைக்குமா என்று உள்ளே நுழையும்போதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். பேச்சு தொடங்கிய பிறகு அல்ல.

இலவச நாட்கள் மாதத்தில் இரண்டு: முதல் ஞாயிறும் இரண்டாவது புதனும். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் எல்லோரும் அடித்துப்பிடித்து ஓடுவார்கள். பிள்ளைகள், தள்ளுவண்டி, சுற்றுலாக் கும்பல் என்று கல்யாண வீடு மாதிரி இருக்கும். அன்றைக்குக் காலோ படத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் தனியாகக் கிடைப்பது கஷ்டம். லீவு போட முடிந்தவர்களுக்கு இரண்டாவது புதன்தான் கணக்குச் சரியாக வரும் நாள். நுழைவும் இலவசம், அன்று மதியம் கேலரி டாக் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இருக்காது. முதல் தடவை போகிறவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

ஞாயிறு தவிர வேறு வழியில்லை என்றால் பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். நேராகக் காலோவிடம் போய்விடுங்கள். வாஷிங்டன் நகரில் பொது மியூசியத்தில் இருக்கும் ஒரே காலோ ஓவியம் இதுதான்: 1937இல் ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான லியோன் டிராட்ஸ்கிக்காக வரைந்த தன்னுருவப் படம். இரண்டு வெள்ளைத் திரைகளுக்கு நடுவில், நாடகத்தில் பிரவேசம் செய்வது போல, சால்வையும் பூவேலைப் பாவாடையும் நகையுமாக நிற்கிறார். ஒரு கையில் பூங்கொத்து, இன்னொன்றில் கடிதம். மூக்கைச் சுவரில் இடிக்காத அளவுக்குக் கிட்டே போய் அந்தக் கடிதத்தைப் படியுங்கள், ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் தேதி தெரியும்: நவம்பர் 7, 1937. டிராட்ஸ்கியின் பிறந்தநாள். ரஷ்யப் புரட்சியின் ஆண்டு நாளும் அதே. புகழ்பெற்ற படங்கள் அவ்வப்போது வேறு ஊர்க் கண்காட்சிகளுக்கு இரவல் போகும். இதற்காகவே வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

சீசன் அட்டவணையில் யாரும் பெரிய எழுத்தில் போடாத விஷயம் ஒன்று உண்டு. பெரிய கண்காட்சிகள் மாறும் இடைவெளி. மறுதிறப்புக்குப் பிறகு வந்த தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும். முதல் கண்காட்சி 2024 பிப்ரவரி 25இல் முடிந்தது, அடுத்தது ஏப்ரல் 14இல் திறந்தது. அது ஆகஸ்ட் 11இல் முடிந்து, அடுத்தது செப்டம்பர் 20. அது 2025 ஜனவரி 12 வரை, அடுத்தது பிப்ரவரி 28. அது ஆகஸ்ட் 10இல் முடிய, அடுத்தது செப்டம்பர் 26. ஒவ்வொரு தடவையும் ஆறேழு வாரம். படங்களைக் கழற்றி, பெட்டி கட்டி அனுப்பி, சுவரைப் பூசி வண்ணம் அடித்து, புதிதாக வந்ததை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, விளக்கைத் திருப்பி வைக்க அவ்வளவு நாள் பிடிக்கும். அந்த வாரங்களில் போனால் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கலாம், ஆனால் பெரிய கண்காட்சி கிடையாது. டிக்கெட் விலை அதற்காகக் குறைந்துவிடாது. ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறப்பதற்கு முன் ஊர் சுற்றிக் காட்டலாம் என்று கிளம்பும் குடும்பங்கள் அநேகமாக இந்தக் குழியில்தான் விழுகின்றன. அந்த வாரங்களுக்கு இலவச நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்த காலம்தான் இந்த மியூசியத்தின் திருவிழாக் காலம். அமெரிக்காவில் மார்ச் பெண்கள் வரலாற்று மாதம். 2016 மார்ச்சில் "ஐந்து பெண் ஓவியர்களின் பெயர் சொல்ல முடியுமா?" என்று சமூக வலைத்தளத்தில் இவர்கள் கேட்டது பெரிதாகப் பரவியது. கேள்வி சுலபம் போலத் தோன்றும். காலோ, அப்புறம்… என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுவோம். அம்ரிதா ஷெர்கில் நினைவுக்கு வந்தால் இரண்டு. வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பிறகு கூட்டிப்போங்கள். உள்ளே நுழைந்ததும் பட்டியலை நிரப்புவதே அவர்களுக்கு விளையாட்டாகிவிடும்.

மார்ச் மாதத்து இன்னொரு நிகழ்ச்சி விக்கிப்பீடியா தொடர்தொகுப்பு. ஆர்ட் ப்ளஸ் ஃபெமினிசம் என்ற இயக்கம் 2014இல் தொடங்கியது. பெண் கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகளை ஒரே நாளில் பலர் கூடி உட்கார்ந்து எழுதுவது, திருத்துவது. பல ஊர்களில் நடக்கிறது, இந்த மியூசியமும் நடத்தியிருக்கிறது. தகவல் பிடிக்க இங்கேயே பெட்டி பாய்ட் டெட்ரே நூலகம் இருக்கிறது. புதுப்பித்த பிறகு 4ஆம் மாடியில், படிப்பறையோடு. நிகழ்ச்சியின் தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வருகிறவர்கள் தயாராக வராததால் பாதி நாள் வீணாவது இந்த வகை நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோய்.

முதல் தடங்கல் பயனர் கணக்கு. அங்கே வந்து கணக்குத் திறந்துகொள்ளலாம் என்று எல்லோரும் ஒரே வைஃபையிலிருந்து முயன்றால் ஆறு கணக்கோடு கதவு அடைத்துக்கொள்ளும். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் திறக்க விக்கிப்பீடியா விடாது. இரண்டாவது தடங்கல், ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரையை நேரடியாக வெளியிடக் கணக்குக்கு நாலு நாள் வயதும் பத்துத் தொகுப்பும் வேண்டும். ஆகவே ஒரு வாரம் முன்பே வீட்டிலேயே கணக்குத் திறந்து, எழுத்துப் பிழை திருத்துவது மாதிரிச் சின்னச் சின்ன வேலை பத்து செய்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் எழுதியது மணல்தொட்டியிலேயே (எழுதிப் பழகும் வரைவுப் பக்கத்திலேயே) கிடக்கும்.

மூன்றாவதுதான் மனதை உடைப்பது: எழுதிய கட்டுரையை மறுநாளே நீக்கிவிடுவார்கள். காரணம் அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். மியூசியத்தின் விவரச் சீட்டில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்வது பதிப்புரிமை மீறல். குறிப்பிடத்தக்கமையை, அதாவது தனிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அந்தக் கலைஞர் கவனம் பெற்றவர் என்பதைக் காட்டாதது இன்னொன்று. கலைஞரின் சொந்த இணையதளமும் படத்தை விற்கும் கேலரியின் பக்கமும் சான்றாக எடுபடாது. அவரைப் பற்றி வேறு யாராவது பத்திரிகையிலோ புத்தகத்திலோ விரிவாக எழுதியிருக்க வேண்டும், ஒன்றுக்கு மேல். பெயர் பெற்ற மியூசியங்கள் பலவற்றின் நிரந்தரச் சேகரிப்பில் அவர் படைப்பு இருந்தாலும் கணக்கில் வரும். புதுக் கட்டுரை எழுதியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் நாலு வரிக் கட்டுரைக்கு மூன்று நல்ல சான்று சேர்ப்பது நிலைக்கும். ஆங்கிலத்தில் விரிவாக இருக்கும் கட்டுரையைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கொண்டுவருவதும் நல்ல வேலை. தமிழில் படிக்கும் பிள்ளைக்கு லவீனியா ஃபொண்டானா யார் என்று தெரிய வேண்டாமா?

ஃபொண்டானா என்றதும் ஏப்ரலுக்குப் போய்விடலாம். ஸ்லோ ஆர்ட் டே என்று உலகம் முழுக்க ஏப்ரலில் ஒரு நாள் கொண்டாடுகிறார்கள், இந்த மியூசியமும் அதில் பங்கெடுத்து வருகிறது. சட்டம் எளிது: ஐந்து படைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம், பிறகு உட்கார்ந்து பேச்சு. ஒரு காலைப் பொழுது முழுக்க ஐந்தே ஐந்து படம் பார்ப்பதற்கா அவ்வளவு தூரம் போவது என்று தோன்றும். தோன்றட்டும்.

பத்து நிமிஷம் என்பது சொல்லும்போது சின்னது, நிற்கும்போது பெரியது. முதல் நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைப்போம். மூன்றாவது நிமிஷத்தில் கை தானாக ஃபோனுக்குப் போகும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபோனைக் கோட்டுப் பையோடு லாக்கரில் வைத்துவிடுங்கள், கைக்கடிகாரம் போதும். விவரச் சீட்டைப் படிக்காதீர்கள்; படித்தால் அதில் சொன்னதைச் சரிபார்ப்பதோடு கண் நின்றுவிடும். ஐந்தாவது நிமிஷத்தில் நாலடி பின்னால் போங்கள், எட்டாவதில் மறுபடி கிட்டே வாருங்கள். சின்ன நோட்டும் பென்சிலும் இருந்தால் எது எங்கே இருக்கிறது என்று கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளலாம். பேனா வேண்டாம், மியூசியக் கூடங்களில் பேனா எடுத்தாலே காவலர் ஓடி வருவார்.

இத்தாலிய ஓவியர் ஃபொண்டானா 1580 வாக்கில் வரைந்த சீமாட்டியின் படத்துக்கு இந்தப் பத்து நிமிஷம் கச்சிதமாகப் பொருந்தும். முதலில் தெரிவது சிவப்பு உடை. அதன்மேல் நகை, பொன்வேலை, சரிகை. பிறகு நாய்க்குட்டி. இவ்வளவுதான் என்று நினைக்கும்போது, இடுப்பிலிருந்து பொற்சங்கிலியில் ஏதோ தொங்குவது தெரியும். உற்றுப் பார்த்தால் அது கீரி போன்ற ஒரு விலங்கின் தோல், தலைக்கு மட்டும் ரத்தினக் கவசம். அந்தக் காலத்து இத்தாலியில் பிள்ளைப்பேறு நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பணக்கார வீட்டுப் பெண்கள் அணிந்தது. பொலோன்யா ஊரில் மணப்பெண்ணுக்குச் சிவப்பு. கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. படத்தை வரைந்த ஃபொண்டானா பதினோரு பிள்ளை பெற்றவர், வரைந்து குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்பதைப் பத்து நிமிஷம் கழித்துத் தெரிந்துகொண்டால் அந்தத் தோலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

வர முடியாதவர்களுக்கு ஆர்ட் சாட். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு ஜூம் வழியாக 45 நிமிஷம், இலவசம். பொது முடக்கக் காலத்தில் சூடுபிடித்தது. கேலரி டாக்கின் வீட்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். சில படங்களைப் பெரிதாக்கிக் காட்டுவார்கள், பார்க்கிறவர்கள் அரட்டைப் பெட்டியில் தட்டுவார்கள். படத்தை நேரில் பார்ப்பதைவிட இதில் ஒரு வசதி உண்டு. பீட்டர்ஸின் வடிதட்டுத் துளையைத் திரை முழுக்கக் காட்ட முடியும், நேரில் அவ்வளவு கிட்டே யாரும் விடமாட்டார்கள். கெடுதல், அளவு தெரியாது. பீட்டர்ஸின் ஒன்றரை அடிப் பூனைப் படமும் ஆல்மா தாமஸ் என்ற ஓவியரின் ஐந்தடிப் படமும் திரையில் ஒரே அளவு. ஃபோனில் பார்க்காதீர்கள், லேப்டாப்பாவது வேண்டும்.

நேரத்தைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அறிவிப்பில் இருப்பது வாஷிங்டன் நேரம். அங்கே வெள்ளி மாலை 5 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சனிக்கிழமை விடிகாலை. கோடைக் கடிகாரம் ஓடும்போது 2:30, குளிர்காலத்தில் 3:30. சிங்கப்பூரில் 5 அல்லது 6 மணி, சீக்கிரம் எழுகிறவர்களுக்குப் பொருந்தும். லண்டனில் இரவு 10. மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றிய பிறகு பிரிட்டன் மாற்ற இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் லண்டன்காரர்கள் ஒரு மணி நேரம் பிந்தி வந்து உட்கார்ந்து காலித் திரையைப் பார்ப்பார்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஆல்மா தாமஸை விட்டால் வேறு ஆள் இல்லை. 1891இல் பிறந்தவர், வாஷிங்டன் ஷா ஜூனியர் ஹைஸ்கூலில் முப்பத்தைந்து வருஷம் ஓவிய டீச்சர். 1960இல் ஓய்வு பெற்ற பிறகுதான் முழு நேரமும் வரைந்தார், எண்பது வயதில் நியூயார்க் விட்னி மியூசியத்தில் தனிக் கண்காட்சி. இங்கே இருக்கும் 1969ஆம் வருஷப் படம் தோட்டத்துப் பூக்களின் பெயரைத் தாங்கியது, ஆனால் ஒரு பூகூட இருக்காது. வண்ணத் துண்டுகள் வரிசை வரிசையாக மேலிருந்து கீழாக இறங்கும். முதல் நாள் வீட்டில் கலர் பேப்பரைக் கட்டைவிரல் அகலத்துக்குக் கிழித்து (கத்தரிக்கோல் வேண்டாம், ஓரம் பிசிராக இருக்க வேண்டும்) வெள்ளைத் தாளில் சந்து விட்டு ஒட்டச் சொல்லுங்கள். சந்தில் தெரியும் வெள்ளைதான் படத்தை மினுங்க வைக்கிறது என்பதை ஒட்டும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். மறுநாள் அசல் படத்தின் முன்னால் நாம் வாய் திறக்க வேண்டியதில்லை.

இலையுதிர் காலத்தில் வரும் கண்காட்சிகள்தான் பொதுவாக கனமானவை. 2024 செப்டம்பரில் வந்தது சுசித்ரா மத்தாயின் கண்காட்சி. தென் அமெரிக்காவின் கயானாவில் பிறந்தவர். பழைய புடவைகளை முறுக்கிப் பின்னி, சுவர் அளவுக்கு நெய்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர்களின் வம்சம். அந்தக் கப்பல்களில் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்களும் உண்டு என்பது நமக்குத் தெரியும். அம்மா, அத்தைகள் கட்டிய புடவைகள் தொங்குவதைப் பார்க்க நம் ஊர்ப் பெண்களுக்கு விவரச் சீட்டு தேவைப்பட்டிருக்காது. 2025 செப்டம்பரில் ஆண்ட்வெர்ப் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை 1600க்கும் 1750க்கும் இடையில் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள், ஓவியத்தோடு லேஸ் பின்னலும் காகித வெட்டு வேலையும் சேர்த்து. பெரிய கண்காட்சி திறக்கும் வாரத்தில் கலைஞரையோ கண்காட்சியை அமைத்த க்யூரேட்டரையோ கூப்பிட்டுப் பேச வைப்பது வழக்கம், அதற்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். பேச்சு வேண்டுமென்றால் முதல் வாரம், நிம்மதியாகப் பார்க்க வேண்டுமென்றால் நடு வாரங்கள். கடைசி வாரம் மட்டும் வேண்டாம், தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் வருவார்கள்.

காகிதத்தில் உள்ளவற்றுக்கு ஒரு எச்சரிக்கை. ஓவியர் மரியா சிபில்லா மெரியன் தென் அமெரிக்காவின் சூரினாம் காட்டுக்குப் போய்ப் பூச்சிகளைப் பார்த்து வரைந்த புத்தகத்தின் 1719ஆம் வருஷப் பதிப்பு இந்த மியூசியத்தில் இருக்கிறது, கையால் வண்ணம் தீட்டிய 72 தகடுகள். கொய்யாக் கிளையில் சிலந்தியும் எறும்பும், அன்னாசியில் கரப்பான். பிள்ளைகள் நகரமாட்டார்கள். ஆனால் காகிதமும் நீர்வண்ணமும் வெளிச்சத்தில் வெளிறும். அதனால் சுமார் 50 லக்ஸ் மங்கல் விளக்கில் சில மாதம் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார்கள். கூடத்தில் இல்லை என்றால் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. இருட்டாக இருக்கிறது என்று ஃப்ளாஷ் போடவும் கூடாது.

மூன்றாவது புதன்கிழமை மாலை நடக்கும் என்எம்டபிள்யூஏ நைட்ஸுக்கு (முன்னால் இருப்பது மியூசியத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) தனி டிக்கெட். பாட்டு, கைவேலை, மது. நண்பர்களோடு மாலை கழிக்க நல்ல இடம், படம் பார்க்க நல்ல நேரம் அல்ல. ஷென்சன் சேம்பர் மியூசிக் (சில வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிப்பது) கச்சேரிகள் இலவசம், தரம் உயர்ந்தது, பதிவு செய்துகொண்டு போக வேண்டும். 2015இல் தொடங்கிய ஃப்ரெஷ் டாக் உரைகளைப் பற்றி ஒன்று: பலவற்றின் வீடியோவை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். அதற்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி, பார்க்கிங்குக்கு அழ வேண்டியதில்லை.

திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாட்கள் 10 முதல் 5 வரை. காரை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோ சென்டர் ஸ்டேஷனில் இறங்குங்கள், ரெட், ஆரஞ்ச், ப்ளூ, சில்வர் நாலு லைனும் அங்கே நிற்கும். 13ஆவது தெரு வாசல் என்று போட்டிருக்கும் படிக்கட்டில் ஏறினால் வடக்கே இரண்டு தெருதான். 11, 12 என்று போட்டிருப்பதில் ஏறினால் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும், கேலரி டாக்குக்கு அந்த ஐந்து நிமிஷம் முக்கியம்.